பத்திரிகையில் போட்ட பட்டம்

வினாத்தாள் கைக்கு வந்ததும் தியாகேசன் அதைப் படிக்கவில்லை, தடவிப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே ரியல் அனாலிசிஸ் தாள் பழுப்புக் காகிதத்தில் மை கையில் ஒட்டும்படி வரும். இப்போது வெள்ளைவெளேரென்று வழவழப்பாக இருக்கிறது, கேள்விகள் மட்டும் அதேதான் போலிருக்கிறது என்று நினைத்தார். படிக்காமலே அப்படி நினைத்தது அவருக்கே சிரிப்பை மூட்டியது. ஐம்பத்தொரு வயதில் சிரிப்பு வந்தால் கூடவே மூச்சும் வாங்குகிறது. மேற்பார்வைக்கு வந்திருந்த பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது இருந்தால் அதிகம். வாசலிலேயே அவரை மறித்து, "பேரன்ட்ஸ்லாம் வெளில வெயிட் பண்ணணும் சார்" என்று சொல்லியிருந்தாள். "நான்தாம்மா எழுத வந்திருக்கேன்" என்று ஹால் டிக்கெட்டை நீட்டியபோது அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாரி சார், உக்காருங்க" என்றாள். அந்த மரியாதைதான் அவரைக் குத்தியது. அவர்தான் முதல் ஆள், கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அறை முழுக்க வழுக்கையும் நரையும். பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு சிறப்பு வாய்ப்பு, இனிமேல் கிடையாது என்று பல்கலைக்கழகம் அறிவித்ததும் எங்கெங்கோ ஒளிந்திருந்தவர்கள் எல்லாம் தஞ்சாவூரில் இந்தக் கல்லூரிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். பக்கத்து பெஞ்சுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "அண்ணே, எத்தனை பேப்பர்?" என்று கிசுகிசுத்தார். "ஒண்ணுதான்." "குடுத்து வச்சவரு. எனக்கு நாலு." ஒன்றுதான். இருபத்து மூன்று தாள் பாஸ் செய்தவர் ஒன்றே ஒன்றில் நின்றுபோனார். நாலு தாள் நின்றிருந்தால் ஒருவேளை ஊருக்கே சொல்லியிருப்பார். ஒன்றுதானே, அக்டோபரில் எழுதிவிடலாம் என்று இருந்ததுதான் வினையாகப் போயிற்று. மின்விசிறி தலைக்கு மேல் கடக் கடக்கென்று சுற்றியது, அது விழுந்துவிடுமோ என்று ஒரு பயம், விழுந்தால் எழுத வேண்டாம் என்று ஒரு ஆசை. இரண்டையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு பதிவெண்ணை எழுதினார்.

முதல் கேள்வி, ஒருங்கும் தொடர்முறை எல்லாம் வரம்புடையது என்று நிறுவுக. தெரியும். நன்றாகவே தெரியும். உரக்கடைக் கிடங்கில் யூரியா மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து, சாப்பாட்டு வேளையில் நாற்பது தடவை எழுதிப் பார்த்தது. மூக்குக்குள் இப்போதும் அந்த யூரியா நெடி வந்தது. எழுத ஆரம்பித்தார், கை ஓடியது, கை ஓடும்போது மனசு சும்மா இருக்க வேண்டுமே, இருக்கவில்லை. இன்றைக்கு மன்னார்குடியில் அச்சகத்துக்காரர் கல்யாணப் பத்திரிகையின் மாதிரித்தாளைக் கொடுத்திருப்பார். மனைவி செங்கமலம் அங்கே போய் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருப்பாள். மகள் சிந்துஜா கல்யாணத்துக்கு இன்னும் முப்பத்து நாலு நாள். மணமகள் எம்.சி.ஏ., மணமகன் பி.இ., அதற்கு மேலே பெண்ணின் தகப்பன் என்று திரு. க. தியாகேசன், பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. கம்பெனி மீட்டிங், புதுப் பூச்சிமருந்தைப் பற்றிச் சொல்கிறார்களாம், போய்விட்டு மத்தியானம் வந்துவிடுகிறேன் என்று காலையில் அவளிடம் சொல்லிவிட்டு வந்தார். ஒரு பொய்யைச் சரிசெய்ய வரும்போதும் ஒரு பொய் வேண்டியிருந்தது. பேருந்தில் வரும்போது தனக்குத்தானே ஒரு பேரம் பேசி வைத்திருந்தார். நாற்பது மார்க்குக்கு ஒழுங்காக எழுதிவிட்டால் அந்த எழுத்து அங்கே இருந்துவிட்டுப் போகட்டும், ரிசல்ட் எப்போது வந்தால் என்ன. எழுதவில்லையென்றால் இன்றைக்கே அதை எடுக்கச் சொல்லிவிட வேண்டியது. முதல் விடை முடிந்தது. ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஐந்து என்று போட்டுக்கொண்டார்.

இரண்டாவது விடையில் ஒரு படி மறந்தது. மறந்த இடத்தில் மஞ்சள் வாசனை வந்தது. தொண்ணூற்றெட்டில் அவருடைய கல்யாணப் பத்திரிகை வந்த நாள். அப்பா கலியபெருமாள் அவரைக் கேட்காமலே அச்சுக்குக் கொடுத்து, ஆயிரம் பத்திரிகையையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். பனியனெல்லாம் நனைந்து, முகம் மட்டும் மாப்பிள்ளை முகமாக இருந்தது. "படிச்சுப் பாருடா உன் பேர." தியாகேசன் படித்தார். பெயருக்குப் பின்னால் இருந்த நாலு எழுத்தையும் படித்தார். அந்த வம்சத்தில் ஒரு பெயருக்குப் பின்னால் எதுவோ வருவது அதுதான் முதல் தடவை. அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம். அப்பா, ஒரு பேப்பர் பாக்கி இருக்கு என்று அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் அத்தை அதற்குள் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தடவ ஆரம்பித்துவிட்டாள். மஞ்சள் பட்ட பத்திரிகையைத் திருப்பி அனுப்புவார்களா, அபசகுனமென்று வீடே அழுதுவிடாதா. அப்படித்தான் அன்றைக்கு நினைத்தார். இப்போது யோசித்தால் மஞ்சள் ஒரு சாக்கு, மஞ்சள் தடவாமல் இருந்தாலும் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். பெண் வீட்டில் இன்னொரு சம்பந்தமும் வந்திருந்தது, சொந்த லாரி, மாடி வீடு. அதை வேண்டாமென்று இவருக்குக் கொடுத்தார்கள். கல்யாணம் ஆன முதல் வாரத்தில் செங்கமலமே சொன்னாள், "அப்பா என்னையத்தான் கேட்டாங்க. படிச்ச மாப்ளைன்னா நம்மளையும் மேல படிக்க வைப்பாருன்னு நான்தான் உங்களச் சொன்னேன்." இருபது வயது, பிளஸ் டூவில் ஆயிரத்து முப்பத்திரண்டு வாங்கியவள். அவர் வாங்கியது எழுநூற்றுச் சொச்சம். மறந்துபோன படி இப்போது ஞாபகம் வந்தது, மூன்றால் வகுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான், இதற்குப் போய் இவ்வளவு நேரம். தண்ணீர் வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை.

முயற்சி செய்யாமல் ஒன்றும் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் கொடுக்கும் டைரியில் முதல் பக்கத்தில் எழுதுவார், இந்த வருஷம் முடித்துவிட வேண்டும். இரண்டாம் பக்கத்தில் அட்டவணை. நாலரைக்கு எழுவது, ஐந்திலிருந்து ஆறரை வரை படிப்பு, தினம் ஒரு தேற்றம், ஞாயிறு இரண்டு. அட்டவணை போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, சிவப்பு மை நீல மை இரண்டும் வைத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பார்த்தாலே பாஸாகிவிடலாம்போல இருக்கும். அதைப் போட்டு முடித்த நாளில் பாதி பரீட்சை எழுதிவிட்ட நிம்மதி வரும், அந்த நிம்மதியிலேயே நன்றாகத் தூங்கிவிடுவார். பழைய வகுப்பு நோட்டை வைத்துக்கொண்டு பொங்கல் வரைக்கும் ஓடும், தடிப் புத்தகம் திறக்காமலே கிடக்கும். பொங்கலன்று ஒரு நாள் விட்டுப்போகும், விட்டுப்போனதைச் சேர்த்துப் படிக்க வேண்டுமே என்ற மலைப்பில் அடுத்த நாளும் போகும், அப்புறம் அட்டவணையைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். மூன்று தடவை பணம் கட்டி, ஒரு தடவை கல்லூரி வாசல் வரைக்கும் போய், வாசலில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். டைரியெல்லாம் என்ன ஆயிற்று? செங்கமலம் எடுத்துக்கொள்வாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் பார்த்ததில்லை, இவர் அந்த இரண்டு பக்கத்தையும் சுத்தமாகக் கிழித்துவிட்டுத்தான் கொடுப்பார். மிச்சப் பக்கங்களில் அவள் கோலம் போட்டு வைப்பாள், நாளுக்கு ஒன்று. நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி, எந்தப் பக்கத்திலும் ஒரு சுழி திறந்து நிற்காது. டிசம்பர் முப்பத்தொன்று வரைக்கும் ஒரு பக்கம் காலி இருக்காது. சிந்துஜா பிறந்த வருஷம்கூடப் பிரசவத்துக்கு முதல் நாள் வரை இருக்கும், பிறகு பதினோரு நாள் விட்டு, அந்தப் பதினோரு கோலத்தையும் பின்னால் உட்கார்ந்து போட்டு நிரப்பியிருப்பாள். விட்டுப்போனதைச் சேர்த்துச் செய்வதில் அவளுக்கு மலைப்பே கிடையாது. பீரோவின் அடித்தட்டில் இருபத்தைந்து டைரி இருக்கிறது. யாராவது பட்டம் கொடுப்பதாக இருந்தால் அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

இப்போது பதினொன்றே முக்கால். ஓரத்தில் போட்ட எண்களைக் கூட்டினார், முப்பத்தாறு. இன்னும் ஒரு பெரிய கேள்வி, பாதி எழுதினாலும் நாற்பது தாண்டிவிடும். இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார். வந்தது சந்தோஷமாகக்கூட இருக்கலாம், பழக்கமில்லாததால் அடையாளம் தெரியவில்லை. கூடுதல் தாள் வாங்கிக்கொண்டார். தலைப்பு எழுதி, அடிக்கோடு போட்டார். அதற்கு மேல் கை நகரவில்லை. பங்குனியில் கிடங்கில் இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த ரியல் அனாலிசிஸ் புத்தகத்தைத் திறந்த மத்தியானம் கண்முன் வந்து நின்றது. தடி அட்டை போட்ட புத்தகம், முதுகில் கரையான் அரித்தது. விரித்ததும் நடுவிலிருந்து ஒரு உறை நழுவி மூட்டைமேல் விழுந்தது. பழுப்பேறிய நீள உறை, தபால்தலை ஒட்டியிருந்தது, தபால்தலைமேல் முத்திரை இல்லை. அஞ்சல் வழிக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு என்று செங்கமலத்தின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் அச்சு வார்த்த மாதிரி. உள்ளே இருந்தது பி.ஏ. தமிழுக்கான விண்ணப்பம். வலது மூலையில் அவள் போட்டோ, இருபத்து மூன்று வயது, இரட்டை மூக்குத்தி, எடுப்பவரைப் பார்த்துக் கொஞ்சம் பயந்த கண். அந்தப் போட்டோவுக்காக ஸ்டூடியோவில் இரண்டு தடவை எடுத்தார்கள், முதல் தடவை கண்ணை மூடிவிட்டாள். குழந்தையை இவர் வைத்துக்கொண்டு வெளியே நின்றார், அதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. உறை புத்தகத்துக்குள் எப்படிப் போயிற்று என்பது மட்டும் ஞாபகம் இல்லை என்று அந்த மூட்டைமேல் உட்கார்ந்தபடி தனக்கே சொல்லிப் பார்த்தார். அந்தப் பொய் மட்டும் அவரிடமே எடுபடவில்லை.

மறந்துதான் போனது, முதலில் சத்தியமாக மறந்துதான் போனது. போஸ்ட் பண்ணிடுங்க, வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று அவள் கொடுத்ததைக் கடைப்பையில் வைத்தார். உரம் இறங்குகிற வாரம், சம்பா சீசன், பையைத் திறக்கக்கூட நேரமில்லை. அது திங்கள், செவ்வாய். புதன்கிழமை ஞாபகம் வந்ததே, அதைப் பற்றி என்ன சொல்வது? புதன்கிழமை மத்தியானம் தபால்பெட்டிக்கு எதிரில்தான் டீ குடித்தார். உறை பையில் இருக்கிறது, பெட்டி பத்தடி தூரத்தில் இருக்கிறது. அப்போதுதான் அவள் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே சொன்னது காதில் கேட்டது. "நான் முடிச்சதும் உங்க சர்டிபிகேட்டையும் என்னதையும் பக்கத்துல பக்கத்துல ஃப்ரேம் போட்டு மாட்டணுங்க. இந்தச் செவுத்துல. வர்றவங்க பாக்கட்டும்." மூன்று வருஷம். அவளுக்கு மூன்று வருஷம் போதும், ஒரு தாள்கூட நிற்காது, மூன்றாம் வருஷம் முடிவில் ஆணியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு நின்று, எங்க உங்களுது, எடுங்க என்பாள். டீயைக் குடித்து முடித்தார். பெட்டிப் பக்கம் போகவில்லை. வெள்ளி தாண்டியது. சனிக்கிழமை சாயந்தரம், "அனுப்பிட்டீங்கள்ல?" என்றாள். "அனுப்பிட்டேன்." அப்புறம் ஆறு மாதம் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் ஈரக் கையோடு ஓடுவாள். விசாரிச்சுப் பாக்கலாமாங்க என்றாள், பாக்கறேன் என்றார். தையில் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "நம்ம மார்க்குக்குக் கெடைக்கல போல" என்றாள். குரலில் அழுகை இல்லை. ஒரு புடவையை மடித்து முடித்து அடுத்த புடவையை எடுத்தாள். அன்றைக்கும் வாயைத் திறந்திருக்கலாம். இந்த உலகத்தில் எவரும் திறக்க மாட்டார்கள் என்று உறுதியாக இருந்த ஒரே இடம் அந்த ரியல் அனாலிசிஸ் புத்தகம், உறையை அதற்குள் வைத்தார். அவரே திறக்க மாட்டார் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"சார், உடம்பு முடியலையா?" என்று அந்தப் பெண் குனிந்து கேட்டாள். "இல்லம்மா, வேர்க்குது." தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். குடித்தார். தொண்டையில் இறங்கிய தண்ணீரோடு இன்னொன்றும் மேலே வந்தது, அதை நினைக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து தேற்றங்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சிந்துஜா காலேஜில் சேர்ந்த வருஷம். சாப்பிடும்போது அம்மாவிடம், "நீ ஏம்மா மேல படிக்கல?" என்றாள். செங்கமலம் ரசத்தை ஊற்றியபடி, "எழுதிப் போட்டேன்டி. நான் லாயக்கில்லன்னு அப்பவே சொல்லிட்டாங்க" என்று சிரித்தாள். சிந்துஜா முகத்தைச் சுளித்தாள். "கரஸ்ல அப்புடியெல்லாம் ரிஜெக்ட் பண்ண மாட்டாங்களேம்மா. பிளஸ் டூ பாஸ் பண்ணிருந்தா போதுமே." தியாகேசன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். செங்கமலம் அவரைப் பார்த்தாள், சந்தேகத்தோடு அல்ல, படித்தவர், இவருக்குத் தெரியும் என்ற பார்வை. "அப்பல்லாம் ரூல்ஸ் வேற" என்றார். "பாத்தியா, அப்பா சொல்றாங்கள்ல" என்று அவள் பேச்சை முடித்துவிட்டாள். மூன்று வார்த்தை. மறந்ததற்கு மன்னிப்பு உண்டு, பயந்ததற்குக்கூட எங்கேயாவது இருக்கலாம், அந்த மூன்று வார்த்தைக்கு எங்கே போய்த் தேடுவது. இருபத்து மூன்று வருஷமாக அந்த வீட்டில் ஒருத்தி தன்னை லாயக்கில்லாதவள் என்று நம்பிக்கொண்டு, இவருக்கு வேட்டி துவைத்து, இவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் டிகிரி முடிச்சவங்க என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசிக்கொண்டிருக்கிறாள். பேனா தாளில் ஒரே இடத்தில் நின்று நீலமாக ஊறியிருந்தது. அந்தக் கறையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் புதிதாக ஆரம்பித்தார். ஏன் எழுதினார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, கால் என்று ஒவ்வொரு உறுப்பாக எழுதி, அதன் எல்லை பூஜ்யம் என்று நிறுவி, கடைசி வரி வரைக்கும் போய், எனவே நிறுவப்பட்டது என்று எழுதி, அதற்கும் அடிக்கோடு போட்டார். மணி அடித்தது. கூடுதல் தாள்களை வரிசையாக அடுக்கி, நூலால் கட்டி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். "நல்லா எழுதிருக்கீங்களா சார்?" என்றாள் அந்தப் பெண். "பாஸாயிடும்மா" என்றார்.

வெளியே வெயில் கண்ணைக் கூச வைத்தது. முப்பது வருஷம் தலையில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது, ஆடிப்பாட வேண்டாமா, குறைந்தது ஒரு டீயாவது குடிக்க வேண்டாமா. நாலு தாள்காரர் தோளைத் தட்டி, "ஜோரா முடிச்சிட்டீங்க, மொகமே சொல்லுது" என்றார். என்ன முகத்தைக் கண்டாரோ. வேப்பமர நிழலில் நின்று பையிலிருந்து போனை எடுத்தார். பையில் கை விடும்போது அந்த உறை விரலில் பட்டது. பங்குனியிலிருந்து அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார், கிழிக்கவும் மனசில்லை, கொடுக்கவும் தைரியமில்லை. செங்கமலம் நாலு தடவை கூப்பிட்டிருந்தாள். ஐந்தாவதாக இப்போது மணி அடித்தது. "என்னங்க, மீட்டிங் முடிஞ்சிதா? சாப்டீங்களா? நான் அச்சாபீஸ்ல இருக்கேன். எல்லாத்தையும் பாத்துட்டேன், மாப்ள வீட்டு ஊர்ப்பேருல ஒரு எழுத்து தப்பு, திருத்தியாச்சு. நீங்க ஓகேன்னா மெஷின்ல ஏத்திடுவாராம்." பின்னால் வேறு யாருடைய நோட்டீஸோ அச்சாகிற இயந்திரத்தின் சத்தம் கேட்டது. அவர் வாயிலிருந்து தானாக வந்தது. "என் பேருக்குப் பின்னாடி இருக்கறத எடுக்கச் சொல்லு." "எத, பி.எஸ்சி.யயா? எதுக்கு?" "எடுக்கச் சொல்லேன்." அவள் சிரித்தாள், வெட்கப்படும்போது சிரிக்கிற சிரிப்பு. "என் பேரு மொட்டையா இருக்கேன்னு எனக்குத் தொணைக்கு நீங்களும் மொட்டையா நிக்கப்போறீங்களாக்கும். அதெல்லாம் வேணாங்க. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது முடிச்சோம்னு இருக்கட்டும். சம்பந்தி வீட்டுல பாப்பாங்கள்ல."

இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம். நாற்பத்தைந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறார், இன்னும் மூன்று மாதத்தில் அது பொய்யே இல்லை, அவளுக்கு எப்போதுமே தெரியப்போவதில்லை, சரி, ஏத்தச் சொல்லு என்றால் போதும், நாக்கு அதற்குத்தான் தயாராக இருந்தது, முப்பது வருஷமாகப் பழகின நாக்கு. இடது கையால் உறையை எடுத்தார். அவளுடைய கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே, "செங்கமலம், அந்த ஃபாரத்த நான் போஸ்ட் பண்ணல" என்றார். "எந்த ஃபாரம்?" "உன் பி.ஏ. ஃபாரம். எங்கிட்டதான் இருக்கு. வேணும்னுதான் அனுப்பல. என் படிப்பும் இன்னிக்கு வரைக்கும் முடியல, ஒரு பேப்பர் நின்னுபோச்சு, அது உனக்குத் தெரிஞ்சிடும்னு பயந்துக்கிட்டு…" நாற்பது தடவை எழுதிப் பார்த்த தேற்றமா இது, படி படியாக வருவதற்கு. திட்டுவாள், அழுவாள், போனை வைத்துவிடுவாள் என்று ஒவ்வொன்றாக எதிர்பார்த்து நின்றார். அச்சகத்துக்காரர் ஏதோ கேட்பதும் அவள் பதில் சொல்லாததும் கேட்டது. கடைசியில் அவள் குரல் வந்தது, மிகவும் மெல்ல, ரொம்ப வருஷத்துக்கு முந்தின குரலாக.

"அப்ப… என் மார்க்கு பத்தலன்னு இல்லீங்களா?"

"இல்ல. பத்தும் செங்கமலம். தாராளமாப் பத்தும்" என்றார். இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் போனை வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை.